சுங்க வரி யாருக்குப் போகிறது? இரண்டு ஆப்பிரிக்கக் கூட்டமைப்புகள்

வளரும் நாடுகள் அண்டை நாடுகளோடு எப்படி இணையலாம் என்று வகுப்பில் பேசும்போது, ஒரே ஒரு கூட்டமைப்பை மட்டும் விரிவாக நடத்த நேரம் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகமா, தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியமா? நான் இரண்டாவதை எடுத்தேன். பலருக்கு இது விசித்திரமாகப் படலாம், ஏனென்றால் பெயரும் புகழும் முதலாவதற்குத்தான்.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் இலக்குகள் தெரிந்தவைதான்: சுங்க ஒன்றியம் (உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி இல்லை, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி), பொதுச் சந்தை, ஒரே நாணயம், கடைசியில் அரசியல் கூட்டாட்சி. தான்சானியாவின் அருஷாவில் தலைமையகம், சொந்தமாக நீதிமன்றம், சட்டமன்றம். கென்யா, உகாண்டா, தான்சானியா என்ற மூன்று நாடுகளோடு 2000-இல் மீண்டும் உயிர்பெற்றது, 2024-இல் சோமாலியாவும் சேர்ந்தபின் எட்டு நாடுகளாகிவிட்டது. தெற்கே அப்படி எந்தக் கனவும் கிடையாது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோதோ, எஸ்வாட்டினி, நமீபியா ஆகிய ஐந்து நாடுகளும் ஒரே வெளிச்சுங்க வரி வைத்து, வசூலைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆனால் 1910 முதல் அது அறுபடாமல் ஓடுகிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அந்தப் பங்கீடுதான். சுங்க ஒன்றியம் என்றாலே தொழிற்சாலைகள் ஏற்கெனவே இருக்கும் நாட்டுக்கு லாபம். லெசோதோவில் ஒருவர் தென்னாப்பிரிக்கத் துணியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுத் துணி மலிவாகக் கிடைத்திருக்கும், பொது வரி அதன் விலையை ஏற்றிவிட்டது. வாங்குபவருக்குக் கூடுதல் செலவு. வெளிநாட்டுத் துணி வந்திருந்தால் லெசோதோ அரசுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வரியும் போயிற்று. இந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?

2002 உடன்படிக்கை இதற்கு நேராகவே வழி சொல்கிறது. சுங்க வரியும் கலால் வரியும் (உள்நாட்டில் சில பொருள்கள் மீது போடும் வரி) ஒரு பொது நிதியில் சேரும். சுங்கப் பங்கு, ஒரு நாடு ஒன்றியத்துக்குள்ளிருந்து எவ்வளவு இறக்குமதி செய்கிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படும். அண்டை நாட்டிடம் அதிகம் வாங்கும் சிறிய நாட்டுக்கு அதிகப் பங்கு. கலால் வரியில் 15 விழுக்காட்டைத் தனியே எடுத்து வளர்ச்சிப் பங்காகப் பிரிக்கிறார்கள். தனிநபர் வருமானம் குறைந்த நாட்டுக்கு அதில் கொஞ்சம் கூடுதல். 1910-இல் வசூலில் 98 விழுக்காட்டுக்கும் மேல் தென்னாப்பிரிக்காவே வைத்துக்கொண்டது என்பதை நினைத்தால், வந்த தூரம் புரியும்.

கிழக்கே முதல் முயற்சி உடைந்ததில் இதே கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. 1967-இல் தொடங்கியபோதே கென்யாவின் தொழில்துறைதான் முன்னால் நின்றது. தான்சானியாவும் உகாண்டாவும் தங்கள் தொழில்களைக் காக்கக் கென்யச் சரக்குக்கு ஒரு தனி வரி போடலாம் என்றும், வளர்ச்சி வங்கிப் பணத்தில் அவற்றுக்குக் கூடுதல் பங்கு என்றும் எழுதி வைத்தார்கள். மனக்குறை தீரவில்லை. உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தபின் தான்சானிய அதிபர் நியரேரே அவரோடு உட்காரவே மறுத்தார். பொது விமான நிறுவனம் சிதறியது, 1977-இல் சமூகமே கலைந்தது, கென்ய எல்லையைத் தான்சானியா பல ஆண்டுகள் மூடி வைத்தது. இப்போதைய ஏற்பாட்டில் கென்யத் துறைமுகமான மொம்பாசாவில் இறங்கும் சரக்கின் வரி, அது போய்ச் சேரும் நாட்டுக்கே போகிறது. ஒழுங்கான முறைதான், ஆனால் பின்தங்கியவருக்கு ஈடு எதுவும் அதில் இல்லை. எல்லை மூடும் பழக்கமும் ஓயவில்லை: 2019-இல் உகாண்டாவுடனான கட்டுனா எல்லையை ருவாண்டா மூடியபோது, அது முழுதாகத் திறக்க 2022 ஆயிற்று.

தெற்கு வழியிலும் ஓட்டை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. லெசோதோ, எஸ்வாட்டினி அரசுகள் இந்தப் பங்கையே பெரிதும் நம்பி வரவு செலவு போடுகின்றன. உலக நெருக்கடியால் வசூல் சரிந்தபோது எஸ்வாட்டினி 2011-இல் கடும் நிதித் தட்டுப்பாட்டில் சிக்கியது. வரி விகிதத்தை நடைமுறையில் தென்னாப்பிரிக்காவே தீர்மானிக்கிறது. அப்புறம், ஒன்றியப் பொருளாதாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அந்த ஒரே நாடு இருப்பதால்தான் இவ்வளவு தாராளமாகப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. அப்படிப்பட்ட பெரிய நாடு இல்லாத இடத்தில் இதே சூத்திரம் நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அரசியல் கூட்டாட்சி வரைக்கும் போக வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கில் கற்க ஒன்றும் இல்லை. அவர்கள் அருஷாவைத்தான் பார்க்க வேண்டும்.