ஃபெண்டர் உறைகள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

இங்கிலாந்தின் தென்கரையில், ஹேம்பிள் ஆற்றிலுள்ள ஒரு மரீனாவில் (படகு நிறுத்துமிடத்தில்) எங்களுடைய 28 அடிப் பாய்மரப் படகை ஆண்டு முழுவதும் கட்டி வைத்திருக்கிறோம். படகு துறையில் உரசாமலிருக்க அதன் பக்கத்தில் தொங்கவிடும், காற்றடைத்த மெத்தைகள்தான் ஃபெண்டர்கள். அவை ஆறுக்கும் கருநீல அக்ரிலிக் துணி உறை போட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

அழகுக்காக வாங்கியவை அல்ல. பிவிசி ஃபெண்டர் வெயிலில் கிடந்து பழசாகும்போது, அதை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுத்துப்போகிறது. அதில் ஒட்டும் அழுக்கு, படகின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சான வெள்ளை ஜெல்கோட்டில் கறுப்புக் கோடுகளாகப் படிகிறது. போதாக்குறைக்கு, படகு அசையும்போதெல்லாம் எழும் கிறீச்சொலி உள்ளே படுத்திருப்பவரைத் தூங்கவிடாது. உறை போட்ட முதல் இரவே அந்தச் சத்தம் நின்றது. புதிய கறைகளும் விழவில்லை.

ஆனால் இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் மெழுகு பூசுவதற்காகப் படகைத் துடைத்தபோது, நடு ஃபெண்டர் உராயும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஜெல்கோட் மங்கியிருந்தது. உறையைத் தடவினால் விரல் நுனியில் நறநறவென்று மணல். குளிர்காலம் முழுவதும் மணலையும் உப்பையும் பிடித்து வைத்திருந்த துணி, படகைக் காப்பதற்குப் பதிலாக உப்புத்தாளாகி அதைத் தேய்த்திருக்கிறது. உப்புத்தாள் என்ற பெயர் இவ்வளவு பொருந்தி வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதன்பின் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் துவைக்கிறேன். வால்வைத் திறந்து சிறிது காற்றை இறக்கினால்தான் உறை உருவி வரும். எடுத்தவுடன் சோப்புப் போடாமல், நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, உப்பு இறங்கும்வரை இரண்டு மூன்று முறை நீரை மாற்ற வேண்டும். உப்புத் தங்கிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், எத்தனை நாள் காயப்போட்டாலும் சில்லென்றே இருக்கும், பாசியும் அந்த ஈரத்தில்தான் பிடிக்கும். வாளியின் அடியில் ஒரு கரண்டி மணலாவது ஒவ்வொரு முறையும் தங்குகிறது. பிறகு மென்மையான திரவ சோப்புடன் 30 டிகிரியில் சலவை இயந்திரத்தில், ஒரு பழைய தலையணை உறைக்குள் கட்டிப் போடுகிறேன். முதன்முறை அப்படியே போட்டதில் உதிர்ந்த பஞ்சு வடிகட்டியை அடைத்துக்கொண்டது. வீட்டில் எனக்குக் கிடைத்த பாராட்டை இங்கே எழுத இயலாது. பாசிக்கறைக்காக ஒருமுறை குளோரின் பிளீச் பயன்படுத்தியதில், இரண்டு உறைகளின் எலாஸ்டிக் கயிறு தளர்ந்துவிட்டது. சூடான உலர்த்தியில் துணியின் இழைகள் சுருண்டு கட்டிக்கொள்ளும் என்பதால் நிழலிலேயே உலர்த்துகிறேன்.

உறையின் அடிப்பகுதி நீரில் தோய்ந்தால் இத்தனை உழைப்பும் வீண். எங்கள் படகுத்துறை ஓதத்தோடு ஏறி இறங்கும் மிதவை என்பதால், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஒருமுறை கட்டிவிட்டால் அந்த உயரம் மாறுவதில்லை. ஒரே பக்கம் தேயாதிருக்க, துவைத்து மாட்டும்போது உறையை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டுகிறேன். கருநீலம் வெயிலில் வெளுத்துவிட்டது. அடுத்த முறை சாம்பல் நிறம்தான்.