‘எனக்குப் பிடிக்கல’யா, ‘ஓவர்ரேட்டட்’டா?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய்வந்தால் வீட்டில் இதே வழக்குதான். அல்போன்சா ஓவர்ரேட்டட், தகுதிக்கு மீறிய பேர் என்பான் தம்பி. “நாக்குக்கு நாக்கு ருசி வேற, ‘எனக்குப் பிடிக்கல’ன்னு சொல்லு, ஓவர்ரேட்டட்னு சொல்லவே கூடாதுடா” என்பார் சித்தப்பா. இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எதைப் பற்றியது?
பிடிக்கல: என் நாக்கைப் பற்றி.
ஓவர்ரேட்டட்: பழத்துக்குக் கிடைத்த பேரைப் பற்றி. பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். எனக்கு அல்போன்சா என்றால் உயிர். ஆனாலும் பேருக்காகக் கொடுக்கும் விலை அதிகம் என்று நானே சொல்லலாம். கிளிமூக்கு பெங்களூராவை யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. இந்த மாவட்டத்து மாங்கூழ் ஆலைகள் பெரிதும் நம்பியிருப்பதோ அதைத்தான்.

ஆதாரம்?
பிடிக்கல: வேண்டாம்.
ஓவர்ரேட்டட்: வேண்டும். யார் புகழ்ந்தார்கள், எதோடு ஒப்பிட்டு? 1790இலேயே ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் பிரித்துக் காட்டினார்: இனிமை ‘எனக்கு’ என்பதோடு முடிந்துவிடும், அழகு என்றால் மற்றவரும் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று கேட்கிறோம்.

மனத்தாங்கல்?
பிடிக்கல: வராது.
ஓவர்ரேட்டட்: வரும். ரசிப்பவரை ஏமாந்தவர் என்கிறது.

ஒரு பழம் தின்றவருக்குப் ‘பிடிக்கல’ போதும். பல சீசன், பல தோப்பு, விலை எல்லாம் பார்த்த தம்பி ‘ஓவர்ரேட்டட்’ சொல்லட்டும், நான் காது கொடுப்பேன். கோடையில் வறண்ட ஒகேனக்கல்லைப் பார்த்துவிட்டு இதற்கா இத்தனை புகழ் என்பவர், காவிரியில் தண்ணீர் வந்ததும் இன்னொரு முறை போய்வந்து சொல்லட்டும்.