ஃப்ரைட் ரைஸா, வெள்ளை சோறா: எடை போட்டு பாத்த கணக்கு

எங்க வீட்டுல இந்த சண்டை ரெண்டு வருஷமா ஓடுது. தம்பி வேலை முடிச்சு வர ராத்திரி பத்தரை ஆயிடும், வர்ற வழியில தள்ளுவண்டியில முட்டை ஃப்ரைட் ரைஸ் பார்சல் வாங்கிட்டு வந்துருவான், அம்மா ஆக்கி வச்ச சோறும் குழம்பும் மூடி போட்டபடியே கிடக்கும். "ஏன்டா, எண்ணெயில முக்குன சோத்த தினமும் திங்கிறியே"ன்னு அம்மா கேப்பாங்க, அவன் "வெறும் சோத்துல என்னம்மா இருக்கு, மாவு தான, இதுலயாவது முட்டை இருக்கு, காய் இருக்கு"ன்னு சொல்வான். நடுவுல அப்பா, சுகர் வந்ததுல இருந்து சோத்தையே பயந்து பயந்து பாக்குறவரு. ரெண்டு பேரு சொல்றதுலயும் பாதி உண்மை இருக்குன்னு எனக்கு தோணிட்டே இருந்துச்சு, அந்த பாதி எது இந்த பாதி எதுன்னு பாத்துருவோம்னு தான் அப்பாவுக்காக வாங்குன எடை மெஷினை எடுத்து வச்சு ஒரு வாரம் உக்காந்தேன்.

முதல்ல எல்லாரும் பாக்குற கணக்கு. வெந்த வெள்ளை சோறு 100 கிராம்ல சுமார் 130 கலோரி, மாவுச்சத்து 28 கிராம், புரதம் 2.7 கிராம், கொழுப்பு கால் கிராம் சொச்சம், நார்ச்சத்து அரை கிராம் கூட கிடையாது, உப்பு போடாம வடிச்சா சோடியம் இல்லவே இல்லைன்னு சொல்லலாம். அதே 100 கிராம் கடை ஃப்ரைட் ரைஸ்னா 160ல இருந்து 190 கலோரி வரைக்கும் வரும், புரதம் 4, 5 கிராம், கொழுப்பு கடையைப் பொறுத்து 4 கிராமும் இருக்கும் 8 கிராமும் இருக்கும். இத மட்டும் பாத்தா "அம்பது கலோரி தான கூட, அதுக்கு புரதம் டபுளா கிடைக்குதே"ன்னு தம்பி பக்கம் தான் சாயத் தோணும்.

ஆனா யாரு 100 கிராம் சாப்பிடுறா? அவன் வாங்கிட்டு வந்த பார்சலை பிரிக்காம அப்படியே மெஷின்ல வச்சேன், கவரும் சட்னி பொட்டலமும் போக 510 கிராம். அப்புறம் இன்னொண்ணு, வெறும் வெள்ளை சோறை மட்டும் யாரும் திங்கிறதில்ல. ஃப்ரைட் ரைஸ் தனியா ஒரு சாப்பாடு, வெள்ளை சோறு பாதி சாப்பாடு தான், மீதி பாதி குழம்புலயும் பொரியல்லயும் இருக்கு. இந்த ரெண்டையும் 100 கிராம் 100 கிராமா வச்சு ஒப்பிடுறது தப்பு, தட்டுக்கு தட்டு தான் பாக்கணும்.

அதனால ஒரு நாள் நானே வண்டிக்கிட்ட போய் நின்னேன். மாஸ்டர் அண்ணே மூணு ப்ளேட் ஒண்ணா போட்டாரு. வாணலி புகைய ஆரம்பிச்சதும் குழிக்கரண்டியால மூணு கரண்டி எண்ணெய், அதுல ஆறு முட்டை உடைச்சு ஊத்தி ரெண்டு கிளறு, முட்டை அப்படியே ஸ்பாஞ்ச் மாதிரி எண்ணெயை உறிஞ்சிக்கிச்சு, அப்புறம் ஒரு கை கோஸ், கொஞ்சம் கேரட், நாலு பீன்ஸ், மேல சோறு. தம்பி சொன்ன "காய்" மூணு ப்ளேட்டுக்கும் சேத்து 150 கிராம் இருந்தா பெருசு. அந்த மாதிரியே ஒரு கரண்டியை வீட்டுல எடுத்து அளந்து பாத்தேன், 30 மில்லி புடிக்குது. 30 மில்லி எண்ணெய் 27 கிராம், கிராமுக்கு 9 கலோரின்னா எண்ணெய் மட்டுமே 243 கலோரி, அதாவது கிட்டத்தட்ட 190 கிராம் சோறு சாப்பிட்ட மாதிரி, ஆனா வயித்துல அது இருக்குற இடமே தெரியாது.

சரி இப்ப கணக்க போடுவோம். ஃப்ரைட் ரைஸ் தட்டு: சோறு 350 கிராம், முட்டை ரெண்டு, எண்ணெய் 27 கிராம், காய் 50 கிராம். மொத்தம் 850 கலோரிக்கு மேல, புரதம் 22 கிராம், கொழுப்பு 38 கிராம், நார்ச்சத்து 3 கிராம்.

வீட்டுத் தட்டு: அதே 350 கிராம் சோறு, ஒரு ஆளுக்கு 25 கிராம் துவரம்பருப்பு வர்ற அளவுக்கு சாம்பார், 100 கிராம் பீன்ஸ் பொரியல் தேங்காய்ப்பூ போட்டு, ஒரு சின்ன கிண்ணம் தயிர். மொத்தம் 700 பக்கத்துல, புரதம் 20 கிராம், கொழுப்பு 12, 13 கிராம், நார்ச்சத்து 8 கிராம்.

புரதத்துல ரெண்டும் சமம்னே சொல்லிரலாம், தம்பியோட பெரிய பாயிண்ட்டே அங்க அடிபட்டுருச்சு (முட்டைப் புரதம் பருப்புப் புரதத்தை விட தரமானதுங்கிறத ஒத்துக்கிறேன், ஆனா சோறும் பருப்பும் சேர்றப்ப ஒண்ணுல இல்லாதத இன்னொண்ணு ஈடு கட்டிரும்). கொழுப்பு மூணு மடங்கு, நார்ச்சத்து பாதி கூட இல்ல. இதையே தினமும் ராத்திரி பத்தரை மணிக்கு தின்னுட்டு படுத்தா உடம்பு எங்க கொண்டு போய் வைக்கும்?

அம்மாவுக்கும் ஒண்ணு சொல்லணும். சாம்பார், பொரியல், தயிர் எல்லாம் இருந்தா தான் வெள்ளை சோறு ஜெயிக்குது. நம்ம வீடுகள்ல பல நாள் நடக்குறது என்ன, மலை மாதிரி சோறு, தெளிவா ஒரு ரசம், ரெண்டு அப்பளம், ஊறுகாய். அந்த தட்டுல புரதம் 11, 12 கிராம் தேறுனாலே அதிகம், அப்பளமும் ஊறுகாயும் உப்பு மூட்டை. அந்த தட்டை விட முட்டை ஃப்ரைட் ரைஸ் புரதத்துல மேல் தான், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அதோட நம்ம ஊருப் பக்கம் சோத்து அளவே ஒரு பிரச்சனை. 2020ல 21 நாட்டுல 1,32,373 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வு ஒண்ணு வந்துச்சு, ஒரு நாளைக்கு 450 கிராமுக்கு மேல வெந்த வெள்ளை அரிசி சாப்பிடுறவங்களுக்கு 150 கிராமுக்கு கீழ சாப்பிடுறவங்களை விட சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு கூட, அதுலயும் தெற்காசியாவுல தான் அந்த தொடர்பு ரொம்ப பலமா இருந்துச்சு, இங்க சராசரியே 630 கிராம். எங்க அப்பா மதியம் ஒரு வேளைக்கு போட்டுக்கிறத எடை போட்டப்ப 420 கிராம் காமிச்சுது, அவரே மெஷினை ரெண்டு தடவை குனிஞ்சு பாத்தாரு.

சுகர் விஷயத்துல இன்னொரு குழப்பம் இருக்கு, இத கொஞ்சம் கவனமா படிங்க. ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்திப் பாத்தா சில பேருக்கு வெள்ளை சோத்தை விட கம்மியா காட்டும். கடையில பாஸ்மதி அரிசி போட்டிருந்தா அதுல அமைலோஸ்ங்கிற ஒரு வகை மாவுச்சத்து கூட இருக்குறது ஒரு காரணம், அதனால மெதுவா செரிக்கும், எண்ணெய் வயித்துல சாப்பாட்டை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்கிறது இன்னொரு காரணம். அப்ப அது சுகருக்கு நல்லதுன்னு நினைச்சுக்க கூடாது, சர்க்கரை லேட்டா ஏறி ரொம்ப நேரம் இறங்காம நிக்கும், அந்த நேரத்துல நம்ம குத்திப் பாக்குறதில்ல, தூங்கிருப்போம்.

உப்புக்கு வர்றேன், எனக்கு எண்ணெயை விட பயம் இதுல தான். மாஸ்டர் கையால அள்ளிப் போடுறத அளக்க முடியல, அதனால வீட்டுல அதே ருசி வர்ற வரைக்கும் போட்டுப் பாத்தேன், அரை டீஸ்பூன் உப்பும் ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸும் போனா தான் கடை ருசி வருது. அரை டீஸ்பூன் உப்புல 1150 மில்லிகிராம் சோடியம், சாஸ்ல ஒரு 900, பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும். ஒரு நாள் முழுக்க 2000 மில்லிகிராமுக்குள்ள, அதாவது 5 கிராம் உப்புக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இங்க ஒரே பார்சல்ல அந்த கோட்டா முடிஞ்சுருது. காலையில தின்ன இட்லி சட்னி, மதியம் தின்ன குழம்பு எல்லாம் அதுக்கு மேல கணக்கு. வீட்டுத் தட்டுலயும் உப்பு இருக்கத் தான் செய்யுது, ஆனா ஊறுகாய் அப்பளம் இல்லாம பாத்தா இதுல பாதி தான் வருது.

எல்லாரும் அஜினமோட்டோவைத் தான் திட்டுவாங்க. உண்மையில அதுல சோடியம் 12 சதவீதம், சாதா உப்புல 39 சதவீதம், போடுறதும் ஒரு சிட்டிகை. அதைப் போடலன்னு போர்டு வச்சதால அந்த கடை ஃப்ரைட் ரைஸ் நல்லதா ஆயிடாது.

சிக்கன் ஃப்ரைட் ரைஸ் எடுத்தா புரதம் ஏறும், ஆனா நிறைய கடையில சிக்கனை மாவுல பெரட்டி பொரிச்சு வச்சத தான் பிச்சுப் போடுறாங்க, சில இடத்துல பொரிச்ச எண்ணெயையே தூக்கி ஃப்ரைட் ரைஸுக்கும் ஊத்துறாங்க. கறுத்த எண்ணெய் தெரிஞ்சா வாங்காதீங்க, அவ்வளவு தான்.

சத்துக் கணக்குல வராத ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விட மனசு வரல. போன சித்திரை வெயில்ல தம்பி ஒரு கடையில (வழக்கமா வாங்குற வண்டி இல்ல) சாப்பிட்டு வந்து மூணு மணி நேரத்துல வாந்தி எடுக்க ஆரம்பிச்சான், விடிய விடிய நிக்கல, காலையில குளுக்கோஸ் ஏத்தித் தான் கூட்டிட்டு வந்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "நேத்து ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டீங்களா"ன்னு தான். அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட விதை மாதிரி ஒண்ணு இருக்கும், சோறு வெந்தாலும் அது சாகாது. மத்தியானம் வேகவச்ச சோறை ராத்திரி வரைக்கும் அன்னக்கூடையில வெளியவே வச்சா அது முளைச்சு பெருகி நஞ்சை விட்டுரும், அந்த நஞ்சு எவ்வளவு சூட்டுல வறுத்தாலும் அழியாது. புகை பறக்க வறுக்குறாங்களே கிருமி எல்லாம் செத்துருமேன்னு நம்புறோம், கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். இந்த வியாதிக்கே இங்கிலீஷ்ல ஃப்ரைட் ரைஸ் சிண்ட்ரோம்னு பேரு. வெள்ளை சோறுக்கும் இதே ஆபத்து உண்டு தான், ஆனா வீட்டுல ஆக்குன சூட்டுல சாப்பிட்டுருவோம், மிஞ்சுனா தண்ணி ஊத்திருவோம். எந்த சோறா இருந்தாலும் மோந்து பாத்து இந்த நஞ்சு இருக்கான்னு கண்டுபிடிக்க முடியாது.

இதெல்லாம் பாத்துட்டு நான் எந்த பக்கம்? கடை ஃப்ரைட் ரைஸுக்கும் பருப்பு, காய், தயிரோட இருக்குற வெள்ளை சோறுக்கும் போட்டின்னா வெள்ளை சோறு, யோசிக்கவே வேண்டாம். அதுலயும் புழுங்கலரிசின்னா இன்னும் நல்லது, நெல்லை அவிக்கிறப்ப தவிட்டுல இருக்குற பி வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிரும், பச்சரிசியில தீட்டுறப்ப அது பெரும்பாலும் தவிட்டோட போயிரும். ரசம் அப்பளம் மட்டும் வச்ச சோறுக்கும் வீட்டுல செஞ்ச ஃப்ரைட் ரைஸுக்கும் போட்டின்னா வீட்டு ஃப்ரைட் ரைஸ்.

வீட்டு ஃப்ரைட் ரைஸை நான் செய்யிறது இப்படி. மதியம் சோறு வெந்ததும் அகலமான தட்டுல பரப்பி ஆற விட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சுருவேன். ஆறி குளுந்த சோத்துல மாவுச்சத்து கொஞ்சம் இறுகி சீக்கிரம் செரிக்காத மாதிரி மாறும், 2015ல இலங்கையில ஒரு ஆய்வுல சோறு வேகுறப்ப அரிசி எடைக்கு 3 சதவீதம் தேங்காய் எண்ணெய் ஊத்தி 12 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு பாத்து அந்த வகை மாவுச்சத்து கூடுறத காட்டுனாங்க. பெரிய மாயமெல்லாம் எதிர்பாக்க வேண்டாம், சின்ன லாபம், அதோட குளுந்த சோறு குழையாம உதிரியா வரும். ஒரு ஆளுக்கு சோறு 200 கிராம், முட்டை ரெண்டு, காய் 150 கிராம், எண்ணெய் ரெண்டு டீஸ்பூன், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, மிளகுத்தூள் தாராளமா, கடைசியா வெங்காயத்தாள் கை நிறைய. 500 கலோரி சொச்சம் தான் வரும், புரதம் 20 கிராம் தாண்டும், சோடியம் 800க்குள்ள நிக்கும்.

முதல் தடவை தம்பி சாப்பிட்டுட்டு "கடை மாதிரி இல்லக்கா"ன்னான், இல்லவே இல்ல தான், அவ்வளவு உப்பும் எண்ணெயும் இல்லாம அந்த ருசி வராது. இப்ப வாரத்துல மூணு நாள் இது, சனிக்கிழமை மட்டும் அந்த தள்ளுவண்டி. அப்பா தட்டுல சோறு 420ல இருந்து 220க்கு வந்துருச்சு, குறைஞ்ச இடத்துல அம்மா பொரியலை ரெண்டு கரண்டியா வைக்கிறாங்க.