யூகேவா ஜெர்மனியா, எங்க வீட்டுல பத்திரத்த வெச்சுத்தான் முடிவு பண்ணோம்

மொதல்லயே சொல்லிடறேன், நான் ஜெர்மனி பக்கம், ஒன்றரை வருஷமா அங்க சாக்சனி மாநிலத்துல மாஸ்டர்ஸ் படிக்கறேன், அதனால கொஞ்சம் சாஞ்சுதான் எழுதுவேன். யூகே சமாச்சாரம் முழுக்க ஓமலூர்ல இருந்து போன என் அத்தை பையன் சொன்னது.

யூகேல ஒரே வருஷத்துல படிப்பு முடியும், புதுசா பாஷை வேணாம். படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் இருந்து வேலை தேடலாம்னு இருந்தத 2027 ஜனவரில இருந்து அந்த விசாவுக்கு அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசமாக்கிட்டாங்க. ஜெர்மனிலயும் 18 மாசம்தான், ஆனா படிப்பே ரெண்டு வருஷம் இழுக்கும். சரி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

விஷயம் கடன்லதான் இருக்கு. அத்தை பையனுக்கு ஃபீஸ் மட்டுமே 17,000 பவுண்ட், அதுக்கு மேல இருக்கற செலவு, விசா, அதோட ஆஸ்பத்திரி வசதிக்குன்னு கட்டற ஹெல்த் சர்சார்ஜ்னு சேத்து 30 லட்சம் லோன். அரசு பேங்க்ல பொதுவா 7.5 லட்சம் தாண்டுனா செக்யூரிட்டி கேப்பாங்க, ஓமலூர் காட்டுப் பத்திரம் பேங்குக்குப் போயிருச்சு. வட்டி 10 சதவீதம்னே வெச்சுக்கோங்க, மாசம் 25,000, அசலத் தொடாமலே. இவன் படிக்கற காலத்துலயே அது ஏறிட்டு இருக்கும், ஃபீஸா கட்டுன காசு போனது போனதுதான்.

இங்க அரசு யூனிவர்சிட்டில பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு சில நூறு யூரோ கட்டணும் அவ்வளவுதான் (பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்துல மட்டும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டில அதவிட ஜாஸ்தி, பாத்து அப்ளை பண்ணுங்க). பெரிய தொகைன்னா பிளாக்டு அக்கவுண்ட்தான், அதாவது செலவுக்குக் காசு இருக்குன்னு விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே போட்டு வெக்கற கணக்கு, ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ, எனக்கு அப்ப 11 லட்சத்த நெருங்குச்சு. ஆனா அது யாருக்கும் குடுக்கற காசு இல்ல, மாசம் 992 யூரோவா நம்ம கைக்கே திரும்பி வரும், வாடகையும் இன்சூரன்ஸும் மளிகையும் அதுலயே ஓடிரும். அப்பாவுக்கு செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை, அவரு ஏலச்சீட்ட எடுத்தாரு, மிச்சத்துக்கு 7.5 லட்சம் லோன், வீட்டுப் பத்திரம் பீரோவ விட்டு வெளிய வரல. "காசு போனா சம்பாரிச்சுக்கலாம் கண்ணு, வீடு போனா எங்க போறது"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு.

அஞ்சு ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சில ஜெர்மனின்னு சொன்னதுமே அந்த மேடத்துக்கு மூஞ்சி சுருங்கிருச்சு, யூகே யூகேன்னே அடிச்சு விட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, யூகேல இருக்கற காலேஜுங்க ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் குடுக்கும், ஜெர்மன் அரசு யூனிவர்சிட்டில அந்த வரும்படி வராது.

இங்கயும் தலைவலி இல்லாம இல்ல. நம்ம படிப்புப் பேப்பரெல்லாம் அசல்தான்னு சரிபாத்துக் குடுக்கற ஏபிஎஸ் சர்டிபிகேட்டுக்கு 18,000 ரூபா கட்டி டெல்லிக்கு பேப்பர் அனுப்பிட்டு காத்துக் கெடக்கணும். ரெண்டாம் வருஷம் இங்க தங்கற பர்மிட்ட நீட்டிக்கப் போனா மறுபடி பணம் காட்டச் சொல்றாங்க, வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பாக்கலாம்ங்கறதால நான் பார்ட் டைம் சம்பளத்தக் காட்டி சமாளிச்சேன், ஆனா ஜெர்மன் தெரியாம அந்த வேலை கிடைக்கறதே பெரும்பாடு, சேலத்துலயே ஜெர்மன்ல பி1ங்கற நடுத்தர லெவல் வரைக்கும் முடிச்சுட்டு வாங்க. படிச்சு முடிச்சு வேலைக்குப் போறது எப்படின்னு நான் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரல.

வசதி இருக்கு, ஒரு வருஷத்துல முடிக்கணும்னா யூகே போங்க, தப்பே இல்ல. அப்புறம் ஏற்காட்டுக்குப் போட்டுட்டுப் போற ஸ்வெட்டர் இங்க அக்டோபர் வரைக்கும்தான் தாங்கும்.