எஃப்2 அழுத்தினால் வெளிச்சம் ஏறுது: மூன்று மாங்காய் சீசன் அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மே முதல் ஜூலை வரை பகல் முழுக்க லிப்ரேஆபீஸ் கால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள்தான். ரகம், எடை, கழிவு, விலை, கமிஷன், இறக்குக் கூலி என்று வண்டிக்கு ஒரு வரி. எடையைத் திருத்த எஃப்2, சூத்திரத்தை நகலெடுக்கும்போது விலைக் கட்டம் நகராதபடி டாலர் குறி போட எஃப்4, இந்த இரண்டும் இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. 2023 சீசனுக்கு முன்னால் லேப்டாப் கீகள் தேய்ந்துபோனதால் விலை குறைந்த மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கிச் செருகினேன். லேப்டாப்பில் அப்போது லினக்ஸ் மின்ட் 21 (விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இயங்குதளம்). தட்ட அருமையாக இருந்தது. ஆனால் எஃப்2 அழுத்தினால் திரை வெளிச்சம் ஏறுகிறது, எஃப்12 அழுத்தினால் சத்தம் ஏறுகிறது.

செந்தூரா வண்டி ஒன்றுக்கு 1,480 கிலோவை 1,840 என்று மாற்றிப் போட்டுவிட்டேன். திருத்தலாம் என்று பழக்க தோஷத்தில் நாலு தடவை எஃப்2 தட்ட, திரை வெள்ளை வெளேரென்று ஆனது. முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கணக்கு எழுதறியா, படம் ஓட்டறியா?" என்றார்.

முதலில் கீபோர்டின் பக்கவாட்டில் இருந்த மேக்/விண்டோஸ் சுவிட்சைத் தள்ளிப் பார்த்தேன். ஆல்ட்டும் சூப்பரும் இடம் மாறியதுதான் மிச்சம். எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் எக்ஸ்மாட்மேப், அதாவது எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்று மாற்றி எழுதும் கட்டளை. அழுத்திய கீயின் எண்ணைக் காட்டும் எக்ஸ்இவி-யில் அந்தக் கீயை அழுத்தினால் 233 என்ற எண் வந்தது, அது வெளிச்சம் ஏற்றும் கீயின் எண், சரி, 233 இனிமேல் எஃப்2 என்று ஒரு வரி எழுதினேன், வேலை செய்தது, ஊரையே பிடித்துவிட்ட சந்தோஷம். ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. விவசாயி பெயரைத் தமிழில் அடிக்க ஐபஸ் என்ற மொழி மாற்றியில் தமிழ்99 விசைப்பலகைக்குப் போய்த் திரும்பினால் நான் எழுதியது அழிந்துவிடுகிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் அதே கதி. போதாததற்கு, எக்ஸ்மாட்மேப்புக்குக் கீபோர்டு பேதம் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான். அதனால் லேப்டாப்பின் சொந்த வெளிச்சக் கீயும் எஃப்2 ஆகிவிட்டது. இப்படியே முதல் சீசன் முழுக்க, தினமும் காலையிலும் தமிழ் அடித்த பிறகும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டு காலம் தள்ளினேன். வெட்கக்கேடுதான்.

சீசன் முடிந்து ஆகஸ்டில் கை ஓய்ந்தபோதுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: எஃப்2-வை வெளிச்சமாக மாற்றுவது யார்? கீபோர்டா, கெர்னலா (லினக்ஸின் மையப் பகுதி), டெஸ்க்டாப்பா? எவ்டெஸ்ட் என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினேன். அது டெஸ்க்டாப்புக்குக் கீழே, கெர்னல் வெளியே அனுப்புவதை அப்படியே காட்டும். அங்கேயே வெளிச்சம் என்றுதான் வந்தது. ஆக மின்ட்டின் டெஸ்க்டாப்பான சின்னமன் மேல் குற்றமில்லை. அடுத்து, செருகிய யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி. என் கீபோர்டுக்கு நேரே 05ஏசி என்ற தயாரிப்பாளர் எண், அதாவது ஆப்பிளுடைய எண்! ஆப்பிளுக்கும் இந்தக் கீபோர்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அடுத்தவன் முகவரியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறது. கெர்னல் அதை நம்பி ஹெச்ஐடி ஆப்பிள் என்ற டிரைவரை (கருவியை இயக்கும் நிரலை) மாட்டிவிட, அந்த டிரைவர் மேக் வழக்கப்படி மேல்வரிசையை மீடியா கீகளாக்கிவிட்டது. கீபோர்டு அனுப்பியது ஒழுங்கான எஃப்2-தான், நடுவில் மாற்றியது டிரைவர்.

டிரைவர்தான் என்று தெரிந்த பிறகு மருந்து ஒரே எண். சிஸ் அடைவுக்குள் மாட்யூல், ஹெச்ஐடி ஆப்பிள், பாராமீட்டர்ஸ் என்று இறங்கினால் எஃப்என்மோட் என்று ஒரு கோப்பு இருக்கும். என்னுடையதில் 1 இருந்தது: மீடியா முதலில். 2 என்று போட்டால் எஃப் கீகள் முதலில். சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டு எக்கோவை (கொடுத்ததை அப்படியே வெளியிடும் கட்டளை) அம்புக்குறியால் அந்தக் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும், ஏனென்றால் சூடோ எக்கோவுக்குத்தான், அம்புக்குறி நம்முடைய சாதாரணக் கணக்கில்தான் ஓடுகிறது. எக்கோவைக் குழாய் வழியாக சூடோ டீ-க்கு அனுப்ப வேண்டும் (குடிக்கிற டீ இல்லை, அது ஒரு கட்டளை). என்டர் தட்டிய அந்த நொடியே எஃப்2 கட்டத்தைத் திறந்தது.

மறுநாள் ரீஸ்டார்ட் செய்தால் பழைய குருடி கதவைத் திறடி. அந்தக் கோப்பு நினைவகத்தில் இருப்பது, நிலைக்காது. எட்க்-இல், டிரைவர்களுக்கான அமைப்புகள் இருக்கும் மாட்புரோப் டாட் டி அடைவில் ஒரு கான்ஃப் கோப்பு வைத்து, ஹெச்ஐடி ஆப்பிளுக்கு எஃப்என்மோட் சமம் 2 என்று ஆப்ஷன் எழுதினேன். அதுவும் முதலில் பலிக்கவில்லை. டிரைவர் துவக்கத்திலேயே இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து (கணினி துவங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறிவிடுவதால் அதற்குள்ளும் இந்த வரி போக வேண்டும். அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்டிய பிறகுதான் நிலைத்தது. 2024, 2025 இரண்டு சீசனிலும் ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. நடுவில் மின்ட் 22-க்கு மாறினேன். புதிய கெர்னலில் 3 என்று ஒரு மதிப்பு இருக்கிறது, ஆப்பிள் அல்லாத கீபோர்டு என்று தெரிந்தால் தானாக எஃப் கீகளை முதலில் வைக்கும். என் கோப்பை நகர்த்திவிட்டுச் சோதித்தேன். அது கீபோர்டின் பெயரைப் பார்த்து முடிவு செய்கிற விஷயம், என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை, திரும்ப வெளிச்சம். கோப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இப்போது சத்தத்தை நிறுத்த எஃப்என், எஃப்10 இரண்டையும் அழுத்த வேண்டும், பேரம் பேசப் போன் வரும்போது அது இடைஞ்சல். அதற்காக மட்டும், கீகளின் வேலையை மாற்றும் கீடி என்ற மென்பொருளைப் போட்டு, சும்மா கிடந்த ஸ்க்ரோல்லாக்கை மியூட் ஆக்கினேன். மூல நிரலைத் தொகுத்துத்தான் நிறுவினேன். எந்தக் கீபோர்டுக்கு என்று சொல்லும் ஐடி இடத்தில் நட்சத்திரக் குறி போட்டதால் லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டையும் அது பிடித்துக்கொண்டது, உடனே தட்டும்போது டச்பேட் அணைவது நின்றுபோய்க் கர்சர் துள்ளிக் குதித்தது. என் கீபோர்டின் ஐடியை மட்டும் எழுதினேன், தீர்ந்தது. அமைப்பைத் தப்பாக எழுதிக் கீபோர்டே செத்துப்போனால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும். எனக்கு ஒரு தடவை தேவைப்பட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது 05ஏசி போடுகிற கீபோர்டுகளுக்கான வைத்தியம். பெரும்பாலான லேப்டாப்புகளில் எஃப்என் கீ லினக்ஸ் கண்ணிலேயே படாது, உள்ளே இருக்கும் சிப்பே வேலையை முடித்துவிடும். அங்கே பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) தேடுங்கள், இல்லையென்றால் எஃப்என் எஸ்கேப். எதற்கும் எவ்டெஸ்ட்டை முதலில் ஓட்டிவிடுங்கள். என்னைப் போல ஒரு சீசனை ஸ்கிரிப்டில் கழிக்காதீர்கள்.

மாட்புரோப் கோப்பும் கீடி கோப்பும் மண்டிக் கணக்கு இருக்கிற அதே பென்டிரைவில் இருக்கின்றன.