ஒன்பது குளிர்காலம், ஒரு ஃபர்னஸ்

டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் இந்த வீட்டுக்கு 2016 இலையுதிர் காலத்தில் குடிவந்தோம். பேஸ்மென்டில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ் அப்போதே சில வருடம் ஓடியது. அதோடு ஒன்பது குளிர்காலம் கழித்துவிட்டேன். சூடு தருவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நின்றுபோவதென்றால், வெளியே மைனஸ் இருபது இருக்கிற இரவாகப் பார்த்துத்தான் நிற்கும்.

முதல்முறை நின்றபோது ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, மெல்லிய கம்பி ஒன்றை வெளியே எடுத்துத் துடைத்து மாட்டினார். பத்து நிமிடம், 180 டாலர். அடுத்த வருடமும் அதே கூத்து. இந்த முறை ஃபர்னஸுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அது ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறது. வீட்டுச் சூட்டை அளக்கிற தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் சின்ன விசிறி ஒன்று ‘உய்ங்’ என்று சுற்றிப் புகைப்பாதையை இழுத்துச் சுத்தப்படுத்தும். காற்று சரியாக ஓடுகிறது என்று பிரஷர் ஸ்விட்ச் ஒப்புக்கொண்டால், காஸைப் பற்றவைக்கிற இக்னைட்டர் செக்கச்செவேலென்று பழுக்கும். ‘டக்’ என்று காஸ் வால்வு திறக்கும், நீலச் சுவாலை எழும்பும். அரை நிமிடம் போல கழித்துப் பெரிய விசிறி சூட்டை மேலே தள்ளும். எந்தப் படியில் நிற்கிறது என்று காதால் கேட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அன்றைக்குச் சுவாலை வந்தது, மூன்று நான்கு விநாடியில் அணைந்தது. மறுபடி வந்தது, அணைந்தது. சில தடவை முயன்றுவிட்டு ஒரு சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. அது எத்தனை தரம் மினுங்கினால் என்ன அர்த்தம் என்று ஃபர்னஸ் கதவின் உட்பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக நான் அதைப் பார்க்கவே இல்லை!

குற்றவாளி முதல்முறை வந்தவர் துடைத்த அந்தக் கம்பிதான், ஃபிளேம் சென்சர். சுவாலை வழியாக ஓடும் மின்சாரத்தை அது உணர்கிறது. ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்குதான். கம்பியில் மெல்லிய படிவு ஏறினால் அந்தத் துளி மின்சாரமும் தடைப்படும். எரிகிற சுவாலையை எரியவில்லை என்று நினைத்து, ஃபர்னஸை இயக்குகிற மின்னணு போர்டு காஸை மூடிவிடும். ஃபர்னஸ் ஸ்விட்சையும் பிரேக்கரையும் அணைத்து, கம்பியைக் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரின் புதுத்துண்டால் உரசினேன். மண்ணிறம் போய் உலோகம் மினுங்கியது. மாட்டிப் போட்டால் ஃபர்னஸ் அசையவே இல்லை. கால்மணி நேரம் வியர்த்தபிறகுதான் கண்டேன்: கதவு சரியாக அமராவிட்டால் அதன் பின்னால் இருக்கிற ஸ்விட்ச் மொத்தத்தையும் நிறுத்திவிடும். இப்போது வருடாவருடம் அக்டோபரில் துடைத்துவிடுகிறேன். அந்தக் கோளாறு திரும்பவில்லை.

அடுத்தது 2022 ஜனவரி 17, பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். டொரொன்டோவை மூடிய அந்தப் பனியை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சின்ன விசிறி சுற்றுகிறது, இக்னைட்டர் பழுக்கவில்லை. பிரஷர் ஸ்விட்ச் என்று விளக்கும் சொன்னது. இந்த வகை ஃபர்னஸுக்குச் சிம்னி கிடையாது; பக்கச் சுவர் வழியாக இரண்டு பிளாஸ்டிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போய்ப் பார்த்தால் இரண்டும் பனிக்குள் புதைந்து கிடந்தன. மண்வெட்டியால் ஒதுக்கியதும் சரி. அதே மினுங்கல் இன்னொரு வருடமும் வந்தது. அப்போது குழாய் துப்புரவாக இருந்தது. புகை குளிர்ந்து வருகிற தண்ணீர் வடிகிற வளைகுழாயான டிராப்பில் வழுவழுவென்று பாசி அடைத்திருந்தது.

காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கிற ஃபில்டரில் நான் செய்தது என் சொந்த முட்டாள்தனம். மகளுக்குத் தூசி அலர்ஜி என்று, கடையில் இருந்ததிலேயே அடர்த்தியான ஒரு அங்குல ஃபில்டரை வாங்கிப் போட்டேன். காற்று போதாமல் உள்ளே சூடேறி, பாதுகாப்பு ஸ்விட்ச் அடிக்கடி அணைத்தது. இப்போது அவ்வளவு அடர்த்தியில்லாத மெர்வ் 8 (மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதற்கான அளவு) போடுகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சமையலில் தாளிப்பு அதிகமான வீடு என்றால் இன்னும் முந்தியே மாற்ற வேண்டியிருக்கும்.

காஸ் குழாய், வால்வு, பர்னர் மூன்றையும் இன்றுவரை நான் தொட்டதில்லை. ஒன்டாரியோவில் அதற்கு, எரிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கிற டிஎஸ்எஸ்ஏ அமைப்பின் சான்றிதழ் வேண்டும். இக்னைட்டர் போனபோதும் ஆளைத்தான் கூப்பிட்டேன். காஸ் கசிந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் லைட் ஸ்விட்சைக்கூடத் தட்டாமல் எல்லாரும் வெளியே போய், அங்கிருந்துதான் போன் அடிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைட்டுக்கு அலாரம் படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, பேஸ்மென்டில் ஒன்று. அதற்கும் ஆயுள் உண்டு. பின்பக்கத்தில் திகதி போட்டிருக்கும்.

போன மார்ச்சிலிருந்து சின்ன விசிறி தொடங்கும்போது கரகரவென்று ஒரு சத்தம். பேரிங் தேய்கிறது போல. என் கைக்கு அடங்குகிற வேலையாகத் தெரியவில்லை. குளிர் தொடங்கினால் ஆள் கிடைப்பது கஷ்டம், செப்டம்பரிலேயே கூப்பிட்டுவிட வேண்டும்.