ரோண்டார்ஃப் அடனாவர் இல்லம்: விசுவாசமும் நடுப்பாதை அரசியலும் பழகிய வீடு

ஜெர்மனியின் பான் நகருக்குத் தெற்கே, ரைன் ஆற்றின் கிழக்குக் கரையில் ரோண்டார்ஃப் என்றொரு சிற்றூர். மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் (பிரதமருக்கு நிகரான பதவி) கொன்ராட் அடனாவர் 1937இல் கட்டிக் குடியேறி, 1967இல் கண்மூடும்வரை வாழ்ந்த வீடு அங்கே மலைச்சரிவில் இருக்கிறது. இப்போது அது அரசு அறக்கட்டளை நடத்தும் நினைவில்லம். கட்டணம் கிடையாது. கிறிஸ்தவ விசுவாசமும் நடுப்பாதை அரசியலும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று பார்க்க ஐரோப்பாவில் ஓர் இடம் கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஒரே நிபந்தனை, கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டும். சும்மா போனால் யாரோ ஒரு பெரியவரின் சோபாவையும் ரோஜாச் செடிகளையும் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

போகும் வழி எளிது. பான் பிரதான ரயில் நிலையத்தில் 66ஆம் எண் டிராம். ரோண்டார்ஃப் நிறுத்தத்துக்கு அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். எல்லா 66ஆம் எண் வண்டியும் அதுவரை போகாது. பாட் ஹொன்னெஃப் என்று பலகை போட்டதில் ஏறுங்கள், இல்லையென்றால் நடுவழியில் இறக்கிவிடுவார்கள். நிறுத்தத்திலிருந்து மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம். திங்கட்கிழமை விடுமுறை. திறக்கும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறுவதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளவும்.

இடம் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. அடிவாரத்தில் நிரந்தரக் கண்காட்சி. அதை நீங்களாகவே சுற்றிப் பார்க்கலாம். வீடு மேலே, 58 படிகள் ஏறிய பிறகு. வீட்டுக்குள் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி. பலர் சறுக்குவது இங்கேதான். நேராகப் படியேறி வீட்டைப் பார்த்துவிட்டு, களைத்துப்போய் இறங்கி, கண்காட்சியை ஓடிக்கொண்டே பார்க்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். கீழே ஒரு மணி நேரம், பிறகு மேலே. வழிகாட்டி பேசும்போது பெயர்களும் ஆண்டுகளும் முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். வழக்கமான சுற்று ஜெர்மன் மொழியில் நடக்கிறது, ஆங்கிலம் வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அறைகள் சிறியவை. உங்கள் பங்குக் கோவிலிலிருந்து பஸ் பிடித்து நாற்பது பேராக வந்தால் குழுவைப் பிரிக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் அந்தப் படிகள் பெரிய தடை. மழை நாளில் பிடிப்பான செருப்போ ஷூவோ இல்லாமல் ஏற வேண்டாம்.

படித்துவிட்டு வரச் சொன்னோமே, எதை? முதலில் 1933ஐ.

ஜெர்மன் கத்தோலிக்கர்களுக்கு 1870 முதலே சொந்தக் கட்சி இருந்தது, செண்ட்ரும். பிஸ்மார்க் திருச்சபையை ஒடுக்கிய காலத்தில் அது மக்களுக்கு அரணாக நின்றது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வைமார் குடியரசில் கிட்டத்தட்ட எல்லாக் கூட்டணியிலும் அது இருந்தது. ஆனால் 1933 மார்ச் 23 அன்று, ஹிட்லருக்கு வரம்பில்லா அதிகாரம் தந்த சட்டத்துக்கு அந்தக் கட்சி ஆதரவாக வாக்களித்தது. உள்ளுக்குள் எதிர்ப்பு இருந்தும் வெளியே ஒரே குரல். திருச்சபையின் உரிமைகளுக்கு வாக்குறுதி கிடைத்தது என்ற நம்பிக்கைதான் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஜூலை 5இல் கட்சியே கலைந்தது. ஜூலை 20இல் வத்திக்கானுக்கும் ஹிட்லர் அரசுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது, குருக்கள் கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்ற விதியோடு. தன் சமூகத்தின் நலனை மட்டும் காக்கப் பிறந்த மதக் கட்சி, அந்த நலனுக்கு விலை பேசத் தெரிந்தவனிடம் எப்படி வீழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

அடனாவரும் செண்ட்ரும்காரர்தான். கொலோன் நகர மேயராக 1917 முதல் இருந்தவரை 1933 மார்ச்சில் நாசிகள் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஏறத்தாழ ஓராண்டு மரியா லாக் ஆசிரமத்தில் தஞ்சம் புகுந்தார். அதன் மடாதிபதி அவருடைய பள்ளித் தோழர். அங்கே அவர் திருத்தந்தையரின் இரண்டு சமூகச் சுற்றுமடல்களை ஆழ்ந்து படித்தார். ஒன்று 1891இல் வந்தது, தொழிலாளர் நிலை பற்றியது. மற்றது 1931இல் வந்தது. இரண்டாவதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம்: குடும்பமும் ஊரும் சங்கமும் தாமே செய்யக்கூடியதை அரசு பிடுங்கிக்கொள்ளக் கூடாது, அவற்றால் முடியாத இடத்தில் அரசு கைகொடுக்காமல் ஒதுங்கவும் கூடாது. பின்னால் அவருடைய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி முதலாளித்துவத்துக்கும் பொதுவுடைமைக்கும் இடையில் நின்றதற்கான அடிப்படை இது. 1947இல் அலென் நகரில் வெளியிட்ட திட்டம் முதலாளித்துவத்தைக் கடுமையாகச் சாடியது. 1949 ஜூலையில் வந்த டூசல்டார்ஃப் கோட்பாடுகள் சமூகச் சந்தைப் பொருளாதாரத்துக்கு, அதாவது சந்தையும் சமூகப் பாதுகாப்பும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு, நகர்ந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். விசுவாசம் மனிதரைப் பற்றிய பார்வையைத் தந்ததே தவிர, வரி விகிதத்தையும் விலைக் கட்டுப்பாட்டையும் அதிலிருந்து யாரும் நேராக எடுத்துவிடவில்லை என்பது புரியும்.

இன்னொரு ஆண்டு 1922. முனிச்சில் கத்தோலிக்கர் மாநாடு, தலைவர் அடனாவர். முனிச் பேராயர் கர்தினால் ஃபவுல்ஹாபர் எழுந்து, குடியரசைப் பிறப்பித்த 1918 புரட்சி பொய்ச்சத்தியமும் ராஜத் துரோகமும் என்றார். மேடையில் கர்தினால் இருக்கும்போதே, ஜெர்மன் கத்தோலிக்கர் எல்லோருடைய கருத்தும் அதுவல்ல என்று அடனாவர் விலகி நின்றார். புராட்டஸ்டன்டுகளோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்றும் அங்கே பேசினார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் ஆயரிடம் அரசியல் உத்தரவு வாங்க மறுத்த இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு படியேறினால், மேலே இருக்கும் வீடு வேறு மாதிரி தெரியும்.

வீட்டின் மிக முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாது. 1949 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை. முதல் தேர்தல் முடிந்து ஒரு வாரம். அடனாவரின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் பவேரியாவின் சகோதரக் கட்சியும் சேர்ந்து 31.0 சதவீதம், இடதுசாரியான சமூக ஜனநாயகக் கட்சி 29.2. பெரும்பான்மை யாருக்கும் இல்லை. இரண்டு டஜன் தலைவர்களை அடனாவர் இங்கே காபிக்கு அழைத்தார். சாப்பாடும் நல்ல திராட்சை மதுவும் தாராளமாக இருந்தன. சமூக ஜனநாயகக் கட்சியோடு பெருங்கூட்டணி வேண்டும் என்றவர்கள் கணிசம். மாலைக்குள், சுதந்திர ஜனநாயகக் கட்சியோடும் ஜெர்மன் கட்சியோடும் சிறு கூட்டணி என்று முடிவானது. சான்சலர் யார் என்ற பேச்சில் தன் பெயரைத் தானே வைத்தார். வயது 73. ஓராண்டு, இரண்டாண்டு தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பதினான்கு ஆண்டு தாங்கியது!

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஜனாதிபதி பதவிக்குத் தாராளவாதியான தியோடர் ஹோய்ஸ் பெயரை அடனாவர் சொன்னதும், அவர் திருச்சபைக்கு நெருக்கமானவர் இல்லையே என்று ஆட்சேபம் எழுந்ததாம். அவர் மனைவி ரொம்பப் பக்தி, அது போதும் என்று கடந்துபோனாராம். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் விஷயம் உள்ளே இருக்கிறது. கூட்டாளிக்கு விசுவாசச் சோதனை வைக்கவில்லை. செப்டம்பர் 15 அன்று 202 வாக்கில் அடனாவர் சான்சலரானார். தேவைப்பட்டதும் சரியாக 202.

கட்சிக்குள் செய்த ஏற்பாட்டைக் கண்காட்சியில் தேடிப் பாருங்கள். தொண்டர்களில் கத்தோலிக்கர் அதிகம். அதனாலேயே புராட்டஸ்டன்டுகளுக்குப் பெரிய பதவிகள் ஒதுக்கப்பட்டன. நாடாளுமன்றத் தலைவராக ஹெர்மன் ஏலர்ஸ், 1954 முதல் ஓய்கன் கெர்ஸ்டன்மையர், இருவரும் புராட்டஸ்டன்டுகள். 1952இல் சீகன் நகரில் புராட்டஸ்டன்ட் உறுப்பினர்களுக்கென்று கட்சிக்குள்ளேயே தனிக் குழு தொடங்கினார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது, பதவிக் கணக்கு வேண்டும் என்று தெரிந்தவர்களின் வேலை அது. இல்லத்துக்குள்ளும் அதன் சாயல் உண்டு. இரண்டாம் மனைவி குஸ்ஸி, புராட்டஸ்டன்டாகப் பிறந்து திருமணத்துக்கு முன் கத்தோலிக்கரானவர்.

இந்த இல்லத்தில் எங்களுக்குப் பிடித்த எண் 239. நாசிகள் யூதர்களுக்குச் செய்த கொடுமைக்கு இழப்பீடாக, லக்சம்பர்க்கில் 1952 செப்டம்பரில் இஸ்ரேலோடு ஒப்பந்தம்: இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், யூத அமைப்புகளின் கூட்டவைக்கு 45 கோடி. 1953 மார்ச் 18இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 239 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு, 86 பேர் நடுநிலை. நழுவியவர்களில் ஆளுங்கட்சிக்காரர்களே ஏராளம். மசோதாவைக் கரையேற்றியவர்கள் எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகர்கள். மனசாட்சியின்படி செய்ய வேண்டியதைச் செய்ய எதிரணி வாக்கை வாங்கிக்கொள்ளத் தயங்காதது நடுப்பாதை. சொந்தக் கட்சியின் முணுமுணுப்புக்குப் பயந்து மசோதாவைப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

இனி குறைகள். ஒரு மனிதரைப் போற்ற எழுப்பிய அறக்கட்டளை என்பதால் தராசு அவர் பக்கம் சாயத்தான் செய்யும். அதனால் சில கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள், வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள்.

முதல் கேள்வி குஸ்டாவ் ஹைனமன். புராட்டஸ்டன்ட் திருச்சபைகளின் பேரவைத் தலைவர், அடனாவரின் முதல் உள்துறை அமைச்சர். மேற்கு ஜெர்மனி மறுபடி ராணுவம் அமைப்பதை ஏற்க முடியாமல் 1950இல் பதவி விலகி, 1952இல் கட்சியையும் விட்டார். பிறகு சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து 1969இல் ஜனாதிபதியானார். அதே வேதாகமத்தைப் படித்த இருவர் எதிரெதிர் முடிவுக்கு வந்தார்கள். இதைச் சரியாக விளக்கும் வழிகாட்டி கிடைத்தால் அன்றைய பயணம் வசூல்.

அடுத்தது ஹான்ஸ் குளோப்கே. நாசிகளின் நியூரம்பர்க் இனச் சட்டங்களுக்கு 1936இல் விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர், 1953 முதல் 1963 வரை சான்சலர் அலுவலகத்தின் செயலர். கத்தோலிக்கர், பழைய செண்ட்ரும்காரர். ‘நம்மவர்’ என்ற நம்பிக்கை எதையெல்லாம் மூடிவிடும் என்பதற்கு இவர் உதாரணம்.

மூன்றாவது பிரசங்க மேடை. ஐம்பதுகளில் தேர்தல் வரும்போதெல்லாம், கிறிஸ்தவ வேட்பாளர்களுக்கு வாக்களிக்கச் சொல்லும் ஆயர்களின் கடிதங்கள் பூசையில் வாசிக்கப்பட்டன. 1957இல் அடனாவர் அணி 50.2 சதவீதம் வாங்கியது. அந்தக் கடிதங்கள் கட்சிக்கு லாபம், திருச்சபைக்கு நஷ்டம் என்பது எங்கள் கருத்து. கோவிலில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த சமூக ஜனநாயகத் தொழிலாளிக்கு அதில் என்ன செய்தி இருந்தது? ஆற்றுக்கு எதிர்க்கரையில் இதற்குப் பதில் கிடைத்தது. 1959 நவம்பரில் பாட் கோடெஸ்பெர்க்கில் கூடிய சமூக ஜனநாயகக் கட்சி, தன் கொள்கையின் வேர்களில் ஒன்றாகக் கிறிஸ்தவ அறநெறியையும் எழுதிக்கொண்டது. விசுவாசத்துக்கு ஒரே கட்சிதான் வாசல் என்ற வாதம் அதற்குப் பிறகு வலுவிழந்தது. திரும்பும்போது கோனிக்ஸ்வின்டரில் இறங்கிப் படகில் மேலெமுக்குக் கடந்தால் அந்தக் கரையை எட்டிவிடலாம். கூட்டம் நடந்த ஊர் மண்டபத்தைத் தேடிப் போவது உங்கள் ஆர்வத்தைப் பொறுத்தது.

தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரோஜாக்கள், போச்சா என்ற பந்து விளையாட்டுக்கான ஆடுகளம், நினைவுக் குறிப்புகளை எழுத உட்கார்ந்த சிறு மண்டபம், நல்ல ஆற்றுக் காட்சி. வீட்டுக்குள் சர்ச்சில் வரைந்து பரிசளித்த ஓவியம் இருக்கிறது, நின்று பாருங்கள். கல்லறை இங்கே இல்லை. ஊரின் காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு இன்னும் மேலே ஏற வேண்டும்.

ஆகஸ்டில் கெவலார் மாதா திருத்தலத்துக்குத் தமிழர்கள் திரளும் நாட்களை ஒட்டி வருகிறவர்கள், மறுநாளை இதற்கு ஒதுக்கலாம். யாத்திரை ஞாயிறில் முடிந்தால் செவ்வாய்க்குத்தான் திட்டமிட வேண்டும்.

அரை நாள் மிச்சமிருந்தால், பானுக்குத் திரும்பும் அதே 66ஆம் எண் வண்டியில் மியூசியம் கோனிக் நிறுத்தத்தில் இறங்குங்கள். அது விலங்கியல் அருங்காட்சியகம். 1948 செப்டம்பர் 1 அன்று அரசியலமைப்பை எழுதும் மன்றத்தின் தொடக்க விழா அங்கேதான் நடந்தது, பாடம் செய்த மிருகங்களைத் திரைபோட்டு மறைத்துவிட்டு. மன்றத்தின் தலைவர் அடனாவர். கடவுளுக்கும் மனிதருக்கும் முன் பொறுப்புணர்ந்து என்று தொடங்கும் முகவுரையையும், அரசுத் திருச்சபை கிடையாது என்ற விதியையும் அதே மன்றம்தான் ஒரே ஆவணத்தில் சேர்த்தது. பள்ளிகள் விஷயத்தில் ஆயர்கள் கேட்டதை முழுமையாகத் தரவும் இல்லை. இங்கே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும், இதற்கும் திங்கட்கிழமை விடுமுறை.